ஈரக் காற்றும் மீட்டர் முள்ளும்

அந்தமானின் மாயாபந்தரில் துவைத்த துணி காய இரண்டு நாள் ஆகும். மழை பிடித்துக்கொண்டால் மூன்றாம் நாளும் பனியன் பிசுபிசுக்கும். உப்பு ஜாடி நீர் விட்டுக்கொண்டே இருக்கும். மூலையில் விட்ட தோல் செருப்பில் ஒரே வாரத்தில் பூஞ்சணம் பூத்துவிடும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவக்காற்றுகளும் மழை கொண்டுவரும் தீவு இது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்கு.

இந்த ஊரில் உட்கார்ந்துதான் பழைய மின்னணு அளவுக் கருவிகளைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். என்னிடம் இருப்பவை மூன்று: ஓர் ஏவோ மீட்டர், ஒரு சிக்னல் ஜெனரேட்டர், கல்லூரி ஆய்வகங்களில் சி.ஆர்.ஓ. என்று சொல்வார்களே, அந்த ஆசிலோஸ்கோப் ஒன்று. மூன்றும் ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய தட்டுமுட்டுச் சாமான்களோடு எடைக்குப் போகவிருந்தவை. உதிரிப் பாகம் வேண்டுமென்றால் சென்னை ரிச்சி தெருவில் அரை மணி நேரத்தில் வாங்கிவிடலாம். இங்கே அது கப்பலில் மூன்று நாள் வரவேண்டும். போர்ட் பிளேரில் (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய ஊர்) இறங்கி, அந்தமான் டிரங்க் சாலையில் கான்வாய், ஜங்கார் படகு என்று இன்னொரு பகல் முழுக்கப் பயணம் செய்யவேண்டும். அதனால் எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன் நன்றாக யோசிக்கும் பழக்கம் தானாகவே வந்துவிடுகிறது.

முதல் நாள் அந்தப் பழக்கம் இல்லை. சி.ஆர்.ஓ.வைத் தூசி தட்டி மேசையில் வைத்து, பிளக்கைச் சொருகி, சுவிட்சைப் போட்டுவிட்டேன். அரை நிமிடத்தில் திரையில் பச்சைக் கோடு வந்தது. வீட்டிலிருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஏழெட்டு நிமிடம் போயிருக்கும், உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம். பின்பக்கச் சல்லடை வழியாக வெள்ளைப் புகை. எரிந்த காகித நாற்றம் இரண்டு நாள் அறையைவிட்டுப் போகவில்லை.

வெடித்தது மின்சாரம் உள்ளே நுழையும் இடத்திலிருந்த ஒரு சிறு கண்டென்சர். (பாடப்புத்தகத்தில் மின்தேக்கி, கடையில் கேட்டால் கண்டென்சர்.) மெயின்ஸில் வரும் இரைச்சலை வடிகட்ட வைப்பது அது. அந்தக் காலத்தில் உலோகம் பூசிய காகிதத்தைச் சுருட்டி, மஞ்சள் நிற எபாக்ஸிக்குள் அடைத்துச் செய்தார்கள். வருடங்கள் போகப்போக எபாக்ஸியில் முடியளவு விரிசல் விழும். விரிசல் வழியே காற்று போகும். மாயாபந்தர் காற்று என்றால் பாதி தண்ணீர் போனமாதிரிதான். ஈரம் குடித்த காகிதத்தின் இரு பக்கமும் 230 வோல்ட் ஏறினால் கசிவு மின்னோட்டம், அதனால் சூடு, சூட்டினால் இன்னும் கசிவு. ஏழெட்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அந்தக் கருவி ஓடி ஓடிக் கெடவில்லை. ஓடாமல் அலமாரியில் கிடந்த வருடங்களில் கெட்டது. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டதும் மற்ற பழுதுகள் எல்லாம் வரிசையாக விளங்க ஆரம்பித்தன.

மின்வழங்கிப் பகுதியில் இருக்கும் பெரிய அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அலுமினியத் தகடும் ஈரமான ஒரு வேதிக் கரைசலும் இருக்கின்றன. இரண்டையும் பிரிப்பது தகட்டின்மேல் வளர்த்த அலுமினிய ஆக்சைடு படலம். ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 1.4 நானோமீட்டர் என்ற கணக்கில் அது வளர்கிறது. 450 வோல்ட் தாங்கும் கண்டென்சரில்கூடப் படலம் ஒரு மைக்ரானைத் தொடாது. தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கு. மின்னழுத்தம் இருக்கும்வரை, எங்காவது ஓட்டை விழுந்தால் அந்த இடத்தில் பாயும் மின்னோட்டமே புது ஆக்சைடை உண்டாக்கி அடைத்துவிடும். மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் கரைசல் படலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும், அடைக்க ஆள் இருக்காது. மெலிந்த படலத்தின்மேல் திடீரென்று முழு மின்னழுத்தத்தை ஏற்றினால் கசிவு பெருகி, கரைசல் கொதித்து, வாயு பிதுங்கி, மூடி பெயரும். மெதுவாக ஏற்றினால் படலம் மறுபடி வளர நேரம் கிடைக்கும். பழைய மெக்கானிக்குகள் ‘கண்டென்சரை எழுப்புவது’ என்றால் இதுதான். ஆனால் நாற்பது வருடம் ஆன கண்டென்சரை எழுப்பி ஓட்டுவதைவிட மாற்றிவிடுவதே சரி என்பது என் முடிவு. கப்பல் வரும்வரை கருவியைச் சோதித்துப் பார்க்க எழுப்பலாம், அவ்வளவுதான்.

மெதுவாக ஏற்ற டிம்மர்ஸ்டாட் இருந்தால் நல்லது. என்னிடம் இல்லை. அதற்குப் பதில் ஒரு மரப்பலகையில் ஹோல்டரும் பிளக் சாக்கெட்டும் வைத்து சீரீஸ் பல்பு செய்துகொண்டேன். கருவிக்குப் போகும் மின்சாரம் 60 வாட் குண்டு பல்பு வழியாகத்தான் போகவேண்டும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, டங்ஸ்டன் இழைதான் வேண்டும். எரியும்போது அந்த இழையின் தடை ஏறத்தாழ 880 ஓம். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கருவி அளவாக மின்சாரம் இழுத்தால் இழை மங்கலாகச் சிவந்து, பெரும்பகுதி மின்னழுத்தத்தைக் கருவிக்கே விட்டுவிடும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து, மின்னழுத்தம் முழுவதையும் தானே வாங்கிக்கொள்ளும். கருவியின் டிரான்ஸ்ஃபார்மர் பிழைக்கும். முதல் நாளே இதைச் செய்திருந்தால் அந்தக் காகிதக் கண்டென்சர் சூடாகும்போது பல்பு எனக்குச் சொல்லியிருக்கும்.

சூடேறினால் தடை கூடும் என்ற இதே குணத்தை வைத்துத்தான் வில்லியம் ஹியூலெட் ஓர் ஆடியோ ஆசிலேட்டரைச் செய்தார். அலையின் வீச்சு கூடினால் சிறு பல்பின் இழை சூடாகித் தடை கூடும், வீச்சு அடங்கும். குறைந்தால் எதிர்மாறாக நடக்கும். 1939-இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஒரு கார் ஷெட்டில் ஹியூலெட்டும் நண்பர் டேவிட் பேக்கர்டும் தொடங்கிய நிறுவனத்தின் முதல் சரக்கு அது. வீட்டு மேசையில் பழைய கருவியைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கவேண்டும். அளவுக் கருவித் தொழிலின் பெரிய பெயர்களில் ஒன்று வீட்டுக் கொட்டகையில், ஒரு பல்பில் ஆரம்பித்திருக்கிறது.

ஈரத்துக்கு வருவோம். சமையல் உப்புக்கு ஒரு கணக்கு உண்டு: காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது; அதற்கு 33 விழுக்காடே போதும். மதுரையில் கோடைப் பகலில் ஈரப்பதம் இறங்கும்போது சர்க்யூட் போர்டில் படிந்த உப்பின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும், காய்ந்த உப்பில் மின்சாரம் ஓடாது. மாயாபந்தரில் வருடத்தின் பெரும்பகுதி ஈரப்பதம் 75-க்கு மேலேயே நிற்கிறது. கடற்காற்று கொண்டுவந்து படியவைத்த உப்பு இரவும் பகலும் கரைசலாகவே இருக்கிறது. கண்ணுக்கு அது தூசி, மின்சாரத்துக்குப் பாதை. அருகருகே ஓடும் இரண்டு செம்புத் தடங்களில் ஒன்றில் 200 வோல்ட், மற்றதில் பூஜ்யம் என்றால் நடுவே மின்வேதியல் தொடங்கிவிடும். செம்பு பச்சையாகும். நம் பாட்டிமார் பாத்திரத்தில் பார்த்துச் சொன்ன களிம்புதான் அது. செம்பில் களிம்பு கூடவே பிறந்தது என்பது சைவ சித்தாந்தம் சொல்லும் உவமை. போர்டில் ஏறும் களிம்பு அப்படியில்லை, உப்பையும் ஈரத்தையும் எடுத்துவிட்டால் மேலே வளராது.

எடுப்பது எப்படி? தண்ணீரால்தான். மின்னணுக் கருவியைத் தண்ணீரில் கழுவுவதா என்று திகைக்கவேண்டாம். உப்பு ஆல்கஹாலில் சரியாகக் கரையாது, தண்ணீரில்தான் கரையும். கார் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் மென்மையான பிரஷும் போதும். போர்டைத் தனியே கழற்றி, இரண்டு மூன்று முறை கழுவி, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் அலசினால் மிச்சத் தண்ணீரை அது இழுத்துக்கொண்டு ஆவியாகும். டிரான்ஸ்ஃபார்மர், மீட்டரின் முள் பகுதி, காகிதம் சுற்றிய எதுவும் தண்ணீர் பக்கம் போகக் கூடாது. இந்த ஆல்கஹாலை வரவழைப்பதும் இங்கே ஒரு வேலை. எரியும் திரவத்தை விமானத் தபாலில் எடுக்கமாட்டார்கள்.

கழுவியதை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. ஸ்டுடியோக்காரர்கள் கேமரா லென்ஸில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க அலமாரிக்குள் ஜீரோ வாட் பல்பு எரியவிடுவார்கள். அதே வழிதான் எனக்கும். (பெயர்தான் ஜீரோ, அந்தக் குண்டு பல்பு 12 முதல் 15 வாட் வரை இழுக்கும்.) பல்பு ஈரத்தை வெளியேற்றுவதில்லை, காற்றைச் சூடாக்குகிறது. 28 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றை 33 டிகிரிக்கு ஏற்றினால், உள்ளே ஒரு சொட்டு நீர் குறையாமலே ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். சூடான காற்றின் கொள்ளளவு கூடுகிறது, அதுதான் காரணம். 75-க்குக் கீழே வந்தாயிற்று. சமையல் உப்பு உறங்கிவிடும். பூஞ்சணமும் தயங்கும். ஐந்து டிகிரிச் சூட்டுக்கு இத்தனை பலன் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவர் சி.ஆர்.ஓ.விலிருந்து தொடங்கக் கூடாது. நான் செய்த இரண்டாவது தவறு அது. முள் மீட்டரிலிருந்து தொடங்கவேண்டும். டொனால்ட் மகேடி என்ற பிரிட்டிஷ் தபால் துறைப் பொறியாளர், ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் அளக்க மூன்று பெட்டிகளைச் சுமக்கவேண்டியிருந்த காலத்தில், மூன்றையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்தார். 1923-இல் அது விற்பனைக்கு வந்தது. மூன்று அளவுகளின் முதல் எழுத்துகளே பெயர்: ஏ, வி, ஓ. அதன் 8-ஆம் மாடல் 1951-இல் வெளிவந்து 2008 வரை உற்பத்தியில் இருந்தது. கறுப்புப் பெட்டி, தோல் பட்டை, இரண்டு பெரிய சுழல் சுவிட்சுகள், முள்ளுக்குக் கீழே பார்வைப் பிழை வராமல் இருக்க ஒரு கண்ணாடிப் பட்டை. தவறான இடத்தில் வைத்துத் தொட்டுவிட்டால் ‘டக்’கென்று தானே துண்டித்துக்கொள்ளும் பொத்தான். என் கைக்கு வந்த மீட்டரின் முள் அசையவே இல்லை.

காரணம் பேட்டரி அறையில் இருந்தது. யாரோ போட்ட செல் கசிந்து, ஸ்பிரிங்கைத் தின்று, ஒரு கம்பியின் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இரண்டு அங்குலம் ஏறியிருந்தது. கசிவைச் சுத்தம் செய்யுமுன் அது எந்த செல் என்று பார்க்கவேண்டும். பழைய சாதாரண துத்தநாக-கார்பன் செல்லின் கசிவு அமிலத்தன்மை கொண்டது. சமையல் சோடா கரைசல் அதை முறிக்கும். ஆல்கலைன் செல்லின் கசிவு காரம். எலுமிச்சைச் சாறோ வினிகரோ வேண்டும். மாற்றிப் போட்டால் பலன் இல்லை. செம்புக் குடத்தைப் புளி போட்டு விளக்குகிற கை இங்கேயும் புளியைத் தேடும். ஆனால் குடத்தை ஆற்றில் அலசலாம், சால்டர் மூட்டுக்குள் புகுந்த புளியை அலச முடியாது. இந்த மீட்டருக்கு 15 வோல்ட் பேட்டரி ஒன்றும் தேவை, அது இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை. 3 வோல்ட் நாணய செல்கள் ஐந்தை அடுக்கி அந்த இடத்தில் வைத்திருக்கிறேன்.

முள் அசைந்தது, ஆனால் சுவிட்சைத் திருப்பும்போதெல்லாம் நடுங்கியது. சுழல் சுவிட்சின் கான்டாக்டுகள் கறுத்திருந்தன. வெள்ளிக் கொலுசு ஏன் கறுக்கிறதோ அதே காரணம்: வெள்ளியும் கந்தகமும் சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகிறது. மாயாபந்தரைச் சுற்றி அலையாத்திக் காடு. நீர் வடிந்த நேரத்தில் சேற்றிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வருமே, அந்த ஐதரசன் சல்பைடு வாயு மிகச் சொற்ப அளவிலேயே வெள்ளியைக் கறுக்கவைக்கும். கொலுசைத் திருநீறு போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறோம். கான்டாக்டில் அப்படிச் செய்யக் கூடாது. அதன்மேல் இருப்பது மெல்லிய முலாம்; நான்கு முறை தேய்த்தால் வெள்ளி போய் அடிப் பித்தளை வந்துவிடும். ஆல்கஹாலில் நனைத்த தடித்த காகிதத் துண்டைக் கான்டாக்டுகளுக்கு நடுவே வைத்து இழுத்தால் கறுப்பு காகிதத்தில் வரும். பிறகு சுவிட்சை ஐம்பது முறை திருப்பவேண்டும். அந்த உராய்வே பாதி வேலையை முடிக்கும்.

டிஜிட்டல் மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது இந்தப் பாட்டன் மீட்டர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 10 வோல்ட்டுக்குக் குறுக்கே இரண்டு 100 கிலோ ஓம் தடைகளைத் தொடராக வையுங்கள். நடுப்புள்ளியில் 5 வோல்ட் இருக்கவேண்டும். ஏவோ மீட்டர் ஒரு வோல்ட்டுக்கு 20,000 ஓம் என்ற கணக்கில் செய்தது. 10 வோல்ட் அளவில் அதன் தடை 200 கிலோ ஓம். அதைக் கீழ்த்தடைக்குக் குறுக்கே வைத்தவுடன் அந்த 100 கிலோ ஓம் 66.7 ஆகிவிடும். முள் காட்டுவது 4 வோல்ட். 10 மெகா ஓம் தடையுள்ள டிஜிட்டல் மீட்டர் 4.98 காட்டும். பழையது பொய் சொல்கிறதா? இல்லை. அது தொட்டதால் அங்கே 4 வோல்ட்டே ஆகிவிட்டது, அதை ஒழுங்காகச் சொல்கிறது. அளப்பது என்பதே அளக்கப்படும் பொருளிலிருந்து கொஞ்சம் எடுப்பதுதான் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் எனக்குச் சொல்லவில்லை. இன்னொன்றும் உண்டு. பழைய கருவிகளின் சர்வீஸ் புத்தகத்தில் சர்க்யூட் படத்தின் ஓரத்தில், எழுதியுள்ள மின்னழுத்தங்கள் 20,000 ஓம் மீட்டரால் அளந்தவை என்று பல இடங்களில் சொல்லியிருக்கும். அப்படிப்பட்ட படத்தை வைத்துக்கொண்டு டிஜிட்டல் மீட்டரால் அளந்தால் எண்கள் ஒத்துவராது. கெடாத பாகத்தைக் கழற்றிக்கொண்டிருப்போம்.

ஆக மீட்டர் ஓடுகிறது. சரியாகத்தான் ஓடுகிறதா? சந்தேகமான படிக்கல்லை எந்தப் படிக்கல் வைத்துச் சரிபார்ப்பது? இந்தக் கேள்விக்கு உலகம் ஒரு சங்கிலியால் பதில் சொல்கிறது. 1893-இல் எட்வர்ட் வெஸ்டன் பாதரசமும் காட்மியமும் கொண்டு செய்த செல் 20 டிகிரியில் 1.0183 வோல்ட் தரும். பல பத்தாண்டுகள் உலக ஆய்வகங்கள் அதை நம்பின. பிறகு ஜோசப்சன் விளைவு வந்தது, அதிர்வெண்ணிலிருந்தே வோல்ட்டைப் பெற முடிந்தது. இந்தியாவில் அந்தச் சங்கிலியின் தலைக்கண்ணி புதுடில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம். வீட்டு மேசைக்கு அந்தச் சங்கிலி நேராக வந்து சேராது. நான் சாட்சிகளை வைத்துக்கொள்கிறேன். புது சில்வர் ஆக்சைடு கைக்கடிகார செல் 1.55 வோல்ட் அளவில் நிற்கும். மலிவான வோல்டேஜ் ரெஃபரன்ஸ் சில்லு ஒன்று ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியம் தரும். ஒரு விழுக்காடு ரெசிஸ்டர்கள் பத்து. இவையும் டிஜிட்டல் மீட்டரும் ஒரே பேச்சு பேசினால் நம்புகிறேன். ஒருவர் மாறிச் சொன்னால் அவரைத் தனியே விசாரிக்கவேண்டும்.

நேரத்தைச் சரிபார்ப்பதில்தான் தீவு தன் குணத்தைக் காட்டியது. சி.ஆர்.ஓ.வின் கால அளவைச் சரிபார்க்க வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸைப் பார், ஓர் அலைக்கு 20 மில்லிவிநாடி என்பார்கள். நாட்டின் பெருநிலத்தில் அது நல்ல யோசனை. அங்கே மின்தொகுப்பு 49.90-க்கும் 50.05-க்கும் இடையே நிறுத்தப்படவேண்டும் என்பது விதி. அந்தமான் அந்தத் தொகுப்பில் இல்லை. டீசல் ஜெனரேட்டர்களும் திக்லிப்பூரில் கல்பாங் ஆற்றின் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையமும்தான் வடபகுதிக்கு ஆதாரம். சிறிய தொகுப்பில் சுமை ஏறி இறங்கினால் சுழலும் இயந்திரங்களின் வேகமும் கூடவே ஆடும். ஒரு ஹெர்ட்ஸ் ஆடினால் இரண்டு விழுக்காடு. சி.ஆர்.ஓ.வின் துல்லியமே மூன்று விழுக்காடு. பிழை கருவியுடையதா, மின்சாரத்துடையதா என்று பிரிக்க முடியாது. கடைசியில் சுவர்க் கடிகாரத்திலிருந்து எடுத்த குவார்ட்ஸ் சில்லுதான் கைகொடுத்தது. அது விநாடிக்கு 32,768 முறை அதிரும். இரண்டால் பதினைந்து முறை வகுத்தால் ஒன்று கிடைக்கும்படி தேர்ந்த எண். ஒரு நாளில் ஒரு விநாடி பிசகும் கடிகாரத்தின் பிழைகூட லட்சத்தில் ஒன்றைச் சற்றே தாண்டுவதுதான்.

சிக்னல் ஜெனரேட்டரைச் சரிபார்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. போர்ட் பிளேர் வானொலிக்கு மத்திய அலையில் 684 கிலோஹெர்ட்ஸ். மத்திய அலை நிலையங்களின் அலை 10 ஹெர்ட்ஸுக்குள் பிசகாமல் நிற்கவேண்டும் என்பது சர்வதேச ஏற்பாடு. ரேடியோவில் நிலையத்தை வைத்து, ஜெனரேட்டரின் வயரை ரேடியோவின் அருகே கொண்டுபோய், டயலை மெதுவாகத் திருப்பினேன். முதலில் கிரீச்சென்று ஒரு விசில். இரண்டு அலைகளின் அதிர்வெண் வித்தியாசம்தான் அந்த ஒலி. திருப்பத் திருப்ப விசில் கீழே இறங்கி, முனகலாகி, துடிப்பாகி, அடங்கியது. அடங்கிய இடத்தில் இரண்டும் ஒன்று. டயல் 690 காட்டியது. பிழை ஒரு விழுக்காட்டுக்கும் கீழ். பிறகு 342-க்குப் போனேன். அதன் இரண்டாம் மடங்கு 684 என்பதால் அங்கேயும் விசில் வந்து அடங்கியது. 228-இலும் அப்படியே, மூன்றாம் மடங்கு. ஒரு வானொலி நிலையம் டயலில் மூன்று இடங்களைச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டது.

தீவில் வானொலியும் அளவுக் கருவியும் வெறும் பொழுதுபோக்கு இல்லை. 2004 டிசம்பர் 26 காலை 6.29-க்கு நிலம் நடுங்கி, கடல் ஏறிவந்து, தொலைபேசி எல்லாம் அறுந்தபோது போர்ட் பிளேரில் ஒரு ஹாம் வானொலிக் குழு இருந்தது. ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனம் அனுப்பிய குழு. தலைமை பாரதி பிரசாத். அந்தமானிலிருந்து ஒலிபரப்பி உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசுவதற்காக அந்த மாதத் தொடக்கத்திலேயே வந்தவர்கள். அன்று காலையிலிருந்து அவர்கள் வேலை மாறியது. உறவினரைத் தேடியவர்களின் செய்திகளைத் தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே கடத்தினார்கள். குழுவினர் கார் நிகோபார் போய் அங்கேயும் நிலையம் வைத்தார்கள். சென்னையிலிருந்து 2020-இல் போட்ட கடலடிக் கண்ணாடி இழைக் கம்பிவடம் இன்று இருக்கிறது. ஆனாலும் வீட்டில் கிடக்கும் ரேடியோவைத் திறந்து, அளந்து, ஓடவைக்கத் தெரிந்தவர் ஒவ்வொரு ஊரிலும் ஒருவராவது இருக்கவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சி.ஆர்.ஓ.வை மறுபடி திறக்க ஒரு வருடம் காத்திருந்தேன். காத்திருந்தது நல்லது. 1897-இல் ஃபெர்டினாண்ட் பிரவுன் செய்த கதோடுக் கதிர்க் குழாயின் பேரப்பிள்ளை அதற்குள் இருக்கிறது. பின்முனையில் சூடான இழை எலக்ட்ரான்களை விடும், ஏறத்தாழ 2,000 வோல்ட் அவற்றைத் திரை நோக்கி இழுக்கும். அந்த மின்னழுத்தத்தில் எலக்ட்ரானின் வேகம் விநாடிக்கு 26,000 கிலோமீட்டர். போகிற வழியில் இரண்டு ஜோடித் தகடுகள் அதை இடவலமாகவும் மேல்கீழாகவும் வளைக்கின்றன. திரையில் நாம் பார்க்கும் அலை அந்த வளைவுதான். அந்த 2,000 வோல்ட் உயிரை எடுக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் அது தங்கியிருக்கும். பிடி நீண்ட காப்புக் கம்பியில் ரெசிஸ்டர் கட்டி மின்னூட்டத்தை இறக்கவேண்டும், இறங்கியதா என்று மீட்டரால் பார்க்கவேண்டும், பிறகுதான் கை. மோதிரம், செயின் கழற்றவேண்டும். இடது கை சட்டைப்பைக்குள் இருக்கவேண்டும். ஒரு கையிலிருந்து மறுகைக்குப் பாயும் மின்சாரம் இதயத்தின் வழியாகப் போகும். மழைக்கால ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று தொடக் கூடாது. வீட்டில் யாரும் இல்லாதபோது திறக்கவே கூடாது. பிளக்கின் மூன்றாவது பின்னை, அதாவது எர்த்தை, வெட்டிவிட்டால் அளப்பது சுலபம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

காகிதக் கண்டென்சரை மாற்றி, சீரீஸ் பல்பு வழியாக ஏற்றியபோது கோடு வந்தது. ஆனால் நிற்கவில்லை, பத்து நிமிடத்தில் தானாகவே மேலே ஏறி மறைந்தது. இரண்டு வாரம் தேடினேன். டிரான்சிஸ்டர் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். கடைசியில் 1 மெகா ஓம் என்று பட்டை போட்டிருந்த ஒரு பழைய கார்பன் ரெசிஸ்டரைத் தனியே கழற்றி அளந்தால் 1.3 காட்டியது. அந்தக் கால கார்பன் ரெசிஸ்டர்கள் ஈரத்தைக் குடித்து மதிப்பு ஏறிவிடும்; பெரிய மதிப்புள்ளவை இன்னும் அதிகமாக ஏறும். சூடானதும் ஈரம் அசைய, மதிப்பும் அசைந்திருக்கிறது. புது மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர், விலை ஒரு ரூபாய்கூட இல்லை, வைத்து சால்டர் செய்தேன். கோடு நின்றது. இப்போதும் நிற்கிறது.

உங்கள் வீட்டுப் பரணிலோ, அப்பாவின் பெட்டியிலோ, பள்ளி ஆய்வகத்தின் கடைசி அலமாரியிலோ ஒரு முள் மீட்டர் கிடக்கலாம். சுவிட்சைப் போட்டுப் பார்க்கவேண்டாம். பின்மூடியைத் திறந்து செல்லை மட்டும் கழற்றுங்கள், இன்றைக்கே கழற்றுங்கள். கசிவு ஒரு மழைக்காலத்துக்குள் கம்பிக்குள் ஏறிவிடும். கருவியோடு வந்த புத்தகம் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சர்க்யூட் படம் இல்லாத கருவியைத் திறப்பது பல மடங்கு கடினம். அலுவலகத்திலும் பள்ளியிலும் கழிவு ஏலத்துக்குப் பட்டியல் எழுதும் பொறுப்பில் இருப்பவர்கள், எடைக்குப் போடுமுன் கற்க விரும்பும் ஒரு மாணவனையோ மாணவியையோ கூப்பிட்டுக் கேளுங்கள். இரும்புக் கடையில் செம்பின் விலைக்கு அதை உடைத்துவிடுவார்கள். அந்த மாணவரின் வீட்டு அலமாரியில் ஒரு ஜீரோ வாட் பல்பு எரிந்தால் போதும், இன்னும் முப்பது வருடம் அது அளந்துகொண்டிருக்கும்.